சென்னியப்பனுக்குத் திக்கவேயில்லை

“இதை நீங்க எழுதலைங்கய்யா” என்று அந்தப் பெண் சொன்னபோது சென்னியப்பன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். சிரித்த குலுக்கலில் நெற்றியில் கட்டியிருந்த பட்டை நழுவி மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

“நான் எழுதலைன்னா எங்கூட்டு எருமையா எழுதுச்சு? இப்பத்தான அம்மிணி, உன்ற கண்ணு முன்னால ஒரு அத்தியாயம் பூராத்தையும் சொன்னேன்? கொலை உழுந்துச்சு, போலீஸ் வந்துச்சு, மாதேஸ்வரன் பொணத்தோட காலைப் பாத்துட்டு ‘இது இவன் செருப்பு இல்லை’ன்னான். காதுல உழுகலையா?”

“உழுந்துச்சுங்கய்யா. அதான் பிரச்சினை. ஒரு இடத்துலகூட நீங்க நிக்கலை.”

“நிக்கறதுக்கு நான் என்ன டவுன் பஸ்ஸா?”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வர்ஷிகா என்று பெயர். கோயம்புத்தூர் மனிதப் படைப்புச் சான்றகத்தில் சோதனை அதிகாரி. சென்னியப்பனின் பேத்தி வயசுதான் இருக்கும். இந்த மாதிரி அலுவலகங்களில் கூடுதலாகப் படித்தவர்களைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது. படிக்கப் படிக்க ஆளுக்கு நேர்ப் பேச்சு மறந்துபோகும் என்பது அவருடைய கணக்கு. இவள் கொஞ்சம் தேவலாம் என்று பட்டது. அதனாலேயே இன்னும் ஜாக்கிரதையாக இருந்தார்.

“திரையைப் பாருங்க” என்றாள்.

சுவர்த் திரையில், நெற்றிப் பட்டை அனுப்பும் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. உழவு காணாத தரிசு மாதிரி தட்டையாகக் கிடந்தது.

“கதை எழுதறவங்களுக்கு நடுவுல வார்த்தை வராம நிக்குமுங்க. அடுத்து என்னன்னு தெரியாம முழிப்பாங்க. அப்ப இந்தக் கோடு இறங்கும். வழி கெடச்சதும் சடார்னு ஏறும். திக்கறது, பொறவு தாண்டறது. ரெண்டும் சேந்து வந்தாத்தான் மனுஷன் எழுதினதுன்னு முத்திரை.”

“திக்காதவன் மனுஷனில்லையா?”

“திக்காதவங்க ஒப்பிக்கறாங்கன்னு அர்த்தமுங்க. மிஷின் எழுதினதை மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க. சிலபேரு காதுக்குள்ள அரிசி மணியாட்டம் ஒண்ணை வெச்சுக்கறாங்க. அது உள்ள இருந்து சொல்லச் சொல்ல இவங்க வெளிய சொல்லிட்டுப் போறாங்க. அவங்களுக்குக் கோடு இப்படித்தான் இருக்கும்.” அவள் கொஞ்சம் தயங்கி, “உங்க காதைப் பாக்கலாமுங்களா?” என்றாள்.

சென்னியப்பன் இரண்டு காதையும் காட்டினார். ஒன்றில் மயிர் இருந்தது. மற்றதில் இன்னும் கொஞ்சம் மயிர் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அவர் விஷயம் இதுதான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, ஈரோட்டில் விசைத்தறி ஓட்டி, தறிச் சத்தத்துக்கு நடுவில் பக்கத்துத் தறிக்காரனுக்குக் கொலைக் கதை கத்திக்கத்திச் சொல்லி, அது பிடித்துப்போய் மாத நாவலுக்கு வந்தவர். சூறாவளி சென்னியப்பன் என்று அட்டையில் போடுவார்கள். மாதம் ஒன்று, சில மாதம் இரண்டு. நானூறுக்கு மேல் இருக்கும். இன்ஸ்பெக்டர் மாதேஸ்வரன் பிடித்த கொலைகாரர்களை ஒரு ஊரில் குடிவைத்தால் அந்த ஊருக்குத் தனியாக ரேஷன் கடை வேண்டும்.

‘எழுத்து வரலை’ என்று ஒருத்தன் சொன்னால் சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும். தறிக்காரன் ஒருநாள் ‘இன்னைக்கு எனக்கு நூல் மேல மனசு போகலை’ என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் முதலாளி சும்மா விடுவானா? எழுதுகிறவனுக்கு மட்டும் அதற்கு ஒரு பெயர் வைத்து, மருத்துவம் வைத்து, மாநாடு வைத்து, இப்போது கருவியும் வைத்தாயிற்று. சோம்பேறிக்குச் சான்றிதழ், உழைக்கிறவனுக்குச் சந்தேகம்.

“ரெண்டு சோதனை உண்டுங்கய்யா” என்றாள் வர்ஷிகா. “அடுத்ததுலயும் இப்படியே வந்தா இந்த நாவல் இயந்திர அடுக்குக்குப் போயிரும். உங்க பேரு வராது, எண்ணுதான் வரும். அதுக்கும் மேல...”

“என்ன மேல?”

“உங்க பழைய நாவல்களையும் எடுத்து சந்தேகத்துல வெச்சிருவாங்க. அதுலயும் பேரை எடுத்துட்டு எண்ணுப் போட்டுருவாங்க.”

சென்னியப்பன் சிரிப்பதை நிறுத்தினார். சொத்து என்று அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்தது அந்த அட்டைப் பெயர்தான். பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் பெயர். முத்திரை வாங்காமல் வந்த போன மாத நாவல் ஏற்கெனவே எண்ணோடுதான் தொங்கியது. அதைப் பார்த்த டீக்கடைக்காரன் ‘மிஷினண்ணனுக்கு ஒரு ஸ்ட்ராங்’ என்று குரல் கொடுத்தான். அந்த டீயை அவர் குடிக்கவில்லை.

“அடுத்த தடவை வழக்கமா எப்படி எழுதுவீங்களோ அப்படியே எழுதிப் பாருங்க” என்று சொல்லி அவள் பட்டையை அவிழ்த்தாள்.

வழக்கமாக என்றால்? அவர் பேனா பிடித்ததே இல்லை. வாயால் சொல்வார், பெண்டாட்டி துளசிமணி எழுதுவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போய் எழுத முடியாமல் போனதிலிருந்து போனில் சொல்கிறார், போன் எழுதிக்கொள்கிறது. இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். போன் சோறு கேட்காது, அவ்வளவுதான்.

நாவல் போடுகிற நஞ்சப்பன் அன்றே போன் செய்தான்.

“என்னுங்ணா, திக்குச்சா?”

“திக்கலை.”

“அட, கொஞ்சம் திக்கியிருக்கலாமுல்லங்ணா? ஊருல அவனவன் எப்பிடியெல்லாம் திக்கறான்!”

“உனக்குக் கதை வேணுமா, விக்கல் வேணுமா?”

“கோவிச்சுக்காதீங்க. உங்க சமீபத்து நாவலுகளைப் பத்தி எனக்கே ஒரு இதுதானுங்க. போன நாவல்ல மூணாவது அத்தியாயத்துல செத்தவன் ஏழாவது அத்தியாயத்துல பேக்கரில டீ குடிக்கறானுங்ணா. வாசகருங்க கேக்கறாங்க.”

“குடிச்சுட்டுக் காசு குடுத்தானில்ல? அப்பறமென்ன?”

நஞ்சப்பன் மூச்சு விட்டது போனில் கேட்டது. பிறகு ஒரு முகவரி சொன்னான். பீளமேட்டில் ஒரு பேராசிரியர் திக்குவதற்கு வகுப்பு எடுக்கிறாராம். அவரிடம் போனால் பாறாங்கல்லுக்கும் திக்கும் என்றான்.

சென்னியப்பன் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளப் போனதில்லை. எண் போட்ட நாவல் கண்ணுக்குள் தொங்கியதால் போனார்.

பேராசிரியர் பொழில்வேந்தன் பாயில் உட்கார்ந்திருந்தார். வெள்ளை ஜிப்பா, கழுத்தில் சால்வை. உள்ளே ஏ.சி. வேண்டும், மேலே சால்வையும் வேண்டும் என்கிற ஆள். அவருக்கு எதிரே இருபது பேர் போல, நெற்றியில் பயிற்சிப் பட்டையோடு, மடியில் வெள்ளைத் தாளோடு, பேதி மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

“தாளைப் பாருங்கள்” என்றார் பேராசிரியர். “தாளும் உங்களைப் பார்க்கும். அவசரப்படாதீர்கள். சொல் என்பது ஒரு காயம்.”

“தாளுக்குக் கண்ணு எங்கிருக்குது?” என்று சென்னியப்பன் பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார்.

“ஷ்ஷ்” என்றான் அவன்.

பேராசிரியர் ஒன்பது வருஷமாக ஒரே வாக்கியத்தில் நிற்கிறவர் என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். அதற்காக அவருக்குப் பாராட்டு விழா எடுத்திருக்கிறார்களாம். வாக்கியம் ‘மழை’ என்று ஆரம்பிக்கிறதாம். அதற்கு மேல் நகரவில்லை.

சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. “ஏஞ்சாமி, மழை பெய்தது-ன்னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போகவேண்டியதுதானே?”

கூடத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பேராசிரியர் கண்ணை மூடித் திறந்தார். “பெய்தது என்று சொல்லிவிட்டால் மழை முடிந்துவிடுகிறது ஐயா. அது ஒரு வன்முறை.”

“முடியலைன்னா வெள்ளம் வந்துருமில்ல?”

இரண்டு பேர் சிரித்துவிட்டு, உடனே நெற்றிப் பட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தால் கோடு கெட்டுப்போகுமாம்.

இடைவேளையில்தான் தொழில் ரகசியமே வெளியே வந்தது. அந்தப் பையன் டீ கிளாஸோடு வந்து காதைக் கடித்தான். “பேராசிரியர் சொல்றதெல்லாம் சும்மாங்க தாத்தா. கோடு இறங்கணுமா, செத்துப்போன நாயை நெனச்சுக்கங்க. எனக்கு எங்க டைகர். ஏறணுமா, பிரியாணியை நெனச்சுக்கங்க. டைகர், பிரியாணி, டைகர், பிரியாணி. நான் ரெண்டு முத்திரை வாங்கிட்டேன்.”

“கதை யாரு எழுதினா?”

“கதையா? அது மிஷின் எழுதிருச்சு.”

சென்னியப்பன் டீயைக் கீழே வைத்தார். மிஷினிடமிருந்து மனுஷனைப் பிரிக்க ஒரு கருவி. அந்தக் கருவியை ஏமாற்ற மனுஷனுக்கு ஒரு வகுப்பு. வகுப்பில் தேறியவன் மிஷின் கதைக்கு மனுஷ முத்திரை வாங்குகிறான். காலமெல்லாம் கதை சொன்னவன் மிஷின் என்று பெயர் வாங்குகிறான். நல்ல நாடு, நல்ல சட்டம்.

ஜன்னலோரம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். கோபிசெட்டிபாளையத்துக்காரி, பெயர் மேனகா. பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவளாம்.

“என்னம்மிணி, உனக்கு எந்த நாயி செத்துப்போச்சு?” என்று கேட்டார்.

“நாயி ஒண்ணும் சாகலீங்க. எனக்குக் கதை நல்லாத்தான் வந்துட்டிருந்துச்சு. தட்டையா வருதுன்னு முத்திரை தரலை. திக்கறதுக்குப் பழகலாம்னு இங்க வந்தேன். நல்லாப் பழகிட்டேன். இப்ப முயல்னு எழுதினா அந்த முயல் நின்ன எடத்துலயே நிக்குது. எம்புள்ள தெனமும் கேக்கறான், முயல் என்னம்மா பண்ணுச்சுன்னு. எனக்குத் தெரியலீங்க.”

சென்னியப்பனுக்கு அவளிடம் நக்கலாகச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

“முயலைக் குண்டில ஒரு எத்து உடு” என்றார் கடைசியில். “எங்கியாச்சும் ஓடும். தப்பான பக்கம் ஓடினாலும் பரவால்ல. உன்ற பையன் சொல்லுவான், அக்கட்டால இல்ல இக்கட்டாலன்னு. இந்தக் கூடத்தை உட்டு எந்திரிச்சுப் போ மொதல்ல.”

பிறகு பேராசிரியரிடம் போனார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். திக்கணும், பொறவு தாண்டணும், ரெண்டும் இருந்தாத்தான் முத்திரைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. நீங்க ஒம்பது வருஷமா திக்கறீங்க. தாண்டினது எப்ப? உங்களுக்கு முத்திரை குடுத்துட்டாங்களா?”

வகுப்புக்கு வந்த இருபது தலையும் பேராசிரியர் பக்கம் திரும்பியது.

“நான் முத்திரைக்காக எழுதுவதில்லை” என்றார் அவர்.

“நீங்க எதுக்காகவுமே எழுதறதில்லை” என்று சொல்லிவிட்டுச் சென்னியப்பன் செருப்பை மாட்டினார். அவருக்குப் பின்னாலேயே மேனகாவும் படியிறங்கினாள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் துளசிமணியிடம் கொட்டினார். அவள் வெந்நீரில் துணியை முக்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே கேட்டாள். அவள் அதிகம் பேசுகிற பெண்பிள்ளை அல்ல. பேசினாலும் அதில் அவருக்கு லாபம் இருந்ததில்லை.

“நாயை நெனச்சுக்கறதுதானுங்க?” என்றாள்.

“எந்த நாயி? நமக்கு நாயே இல்லை.”

“எங்கண்ணனை நெனச்சுக்கங்க. அவரைத்தான அப்படிச் சொல்லுவீங்க.”

அவர் முறைத்தார். அவள் துணியைப் பிழிந்தாள்.

“நானு வரட்டுங்களா அடுத்த சோதனைக்கு?”

“நீ எதுக்கு?”

“வழக்கமா எழுதற மாதிரின்னு அந்தப் புள்ள சொல்லுச்சில்ல? போன் ஆகலைன்னா கை இருக்குது. ஒரு அத்தியாயத்துக்குத் தாங்கும்.”

“போன் எழுதினா என்ன, நீ எழுதினா என்ன? சொல்றவன் நாந்தானே.”

“ஆமாங்க, நீங்கதான்” என்றாள் துளசிமணி. அந்த ‘ஆமாங்க’வில் அவருக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியாததால் விட்டுவிட்டார்.

சான்றகத்தில் வர்ஷிகா இரண்டு நாற்காலி போட்டாள். சென்னியப்பனுக்குப் பட்டை கட்டினாள். துளசிமணி தாள் அட்டையை மடியில் வைத்து, தன் பழைய மூடிப் பேனாவை எடுத்தாள்.

“சோதனைக்குப் பொருள் நாங்க குடுப்போமுங்கய்யா. இன்னைக்குப் பொருள் பூட்டு.”

அவள் வாயை மூடுவதற்குள் சென்னியப்பன் ஆரம்பித்துவிட்டார்.

“எழுது புள்ள. மகளை ரயில் ரோட்டோரம் பிணமாகக் கண்டெடுத்தார்கள் என்று சேதி வந்தபோது பாவாயி அடுப்பில் சோறு வைத்திருந்தாள். அடுப்பை அணைத்தாள். கதவை இழுத்துப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடி...”

டக்.

துளசிமணி பேனாவை மூடியிருந்தாள்.

“அடிச்சுரு. பூட்டலை” என்றார் சென்னியப்பன், மூச்சுக்கூட எடுக்காமல். “கதவைப் பூட்டலை, அடுப்பையும் அணைக்கலை. போட்டது போட்டபடி ஓடறா. தொறந்த கதவுல ஒருத்தன் உள்ளே வர்றான். ராத்திரி மாதேஸ்வரன் வந்து பானையைப் பாக்கறான். சோறு தீயலை. பாவாயி அணைக்கலைன்னா அடுப்பை அணைச்சது யாரு? அங்க மாட்டறான் கொலைகாரன்!”

மூடி கழன்றது. பேனா ஓடியது. சென்னியப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு முடிச்சு அவருக்கு விழுந்ததில்லை.

திரையைப் பார்த்தார். கோடு தட்டையாகத்தான் கிடந்தது.

“அட கருமமே!” என்றார். “உங்க மிஷினுக்குத்தான் மூளை கோளாறு.”

வர்ஷிகா திரையைப் பார்க்கவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, நடுவுல ஏன் மூடினீங்க?”

“கை வலிங்க” என்றாள் துளசிமணி.

“அது அப்படித்தான் அம்மிணி. காலங்காலமா மூடுவா, தொறப்பா. வீட்டுல பல்லி கத்தற மாதிரி. எனக்குக் காதுலயே உழுகாது.”

“உழுகுதுங்கய்யா” என்றாள் வர்ஷிகா. “உழுந்ததும் நீங்க கதையை மாத்தினீங்க.”

அவள் எழுந்து போய் இன்னொரு பட்டை எடுத்துவந்து, கேட்காமலே துளசிமணியின் நெற்றியில் கட்டினாள். திரையில் இரண்டாவது கோடு வந்தது, சிவப்பில். “இப்ப மேல சொல்லுங்கய்யா.”

சென்னியப்பன் சொன்னார். கொலைகாரன் பாவாயி வீட்டில் எதையோ தேடுகிறான். கிடைக்கவில்லை. பாவாயி திரும்பி வருகிறாள். வாசலில் அவனைப் பார்த்து, “யாரப்பா நீ, தண்ணி குடிக்கிறாயா?” என்று...

சிவப்புக் கோடு இறங்கியது. கிணற்றுக்குள் வாளி விட்டமாதிரி விடுவிடுவென்று இறங்கியது. டக்.

“கேக்கலை. ஒண்ணுமே கேக்கலை அவ” என்றார் சென்னியப்பன். “அவனைத் தாண்டிப் போயி மகளோட துணிமணியை எடுத்து மடிக்கறா. அவன் அங்க நிக்கறதே அவளுக்குத் தெரியலை. கொலை பண்ணினவன் அதைப் பாத்துட்டு நிக்கறான்.”

சிவப்புக் கோடு சடாரென்று ஏறித் திரையின் மேல்விளிம்பைத் தொட்டது. பேனா ஓடியது. பச்சைக் கோடு அதே தரிசு.

வர்ஷிகா தன் நாற்காலியைத் துளசிமணி பக்கம் இழுத்துப் போட்டாள்.

“ஏம்மா அங்க மூடினீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள் வர்ஷிகா. “கை வலியா?”

துளசிமணி புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். “மகளைப் பறிகுடுத்துட்டு வர்றவ கண்ணுக்கு, வீட்டுல ஆள் நிக்கறது தெரியுமுங்களா? தண்ணி வேணுமான்னா கேப்பா? அவ அப்படிப் பேசமாட்டாளுங்க. எனக்கு எழுதக் கை வராது.”

“அவ யாருடி? அவளே இல்லை! இப்பத்தான் நான் பெத்துப் போட்டேன் அவளை!” என்று கத்தினார் சென்னியப்பன்.

“பெத்தா ஆச்சுங்களா?”

வர்ஷிகா திரையில் இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். “பாருங்கய்யா. திக்கறது இவங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டு வழி கண்டுபிடிக்கறது நீங்க. உங்களுக்குப் பதிலா ஒருத்தர் நின்னு யோசிச்சதால நீங்க நிக்கவே இல்லை. நாங்க பட்டையைத் தப்பான தலைல கட்டிட்டோம்.”

“போன் எழுதினப்ப?”

“போன் பேனாவை மூடாதுங்களே.”

மூன்றாவது அத்தியாயத்தில் செத்தவன் ஏழாவதில் டீ குடித்த கதை சென்னியப்பன் ஞாபகத்துக்கு வந்தது. இவள் இருந்திருந்தால் டீ கிளாஸைத் தூக்கும் முன்பே டக் என்று சத்தம் வந்திருக்கும். அதற்கு முந்திய நானூற்றிலும் அந்த டக் எத்தனை தடவை கேட்டிருக்கும்? ஊரே பேசிய அவருடைய பழைய ‘ஊமைச் சாட்சி’ நாவலின் திருப்பம், அதுவும் ஒரு டக்குக்குப் பிறகு வந்ததா? ஞாபகம் இல்லை. பல்லி கத்தியதை எவன் கணக்கு வைத்தான்?

வர்ஷிகா முத்திரை இயந்திரத்தைப் பக்கத்தில் இழுத்தாள். “இந்த நாவலுக்கு முத்திரை தரலாமுங்க. ஆனா விதிப்படி இறக்கமும் ஏத்தமும் யாருக்கு வந்துச்சோ அவங்க பேர்லதான் தர முடியும். முதல் பக்கத்துல எழுதியவர்னு ஒரு எடம் இருக்குது. அதையும் நீங்கதான் சொல்லணும். என்ன பேரு போடட்டும்?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

‘சூறாவளி’ என்று ஆரம்பிக்கப் பார்த்தார். அது தொண்டையிலேயே நின்றது. ‘எழுத உதவியவள்’ என்று ஒன்று வந்தது. அதைக் கேட்டால் இவள் பேனாவை மூடமாட்டாள், தலையில் அடிப்பாள். ‘சொன்னவர், எழுதியவர்’ என்று ஒன்று வந்தது. அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. நெற்றிப் பட்டைக்குக் கீழே வியர்த்தது. எழுத்து வராமல் மோட்டுவளையைப் பார்க்கிற சோம்பேறிகளை அவர் எத்தனை பேசியிருக்கிறார். இப்போது அவரும் மோட்டுவளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு மின்விசிறி இருந்தது. அதிலும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

துளசிமணி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தாள். உதவிக்கு வரவில்லை. பேனா திறந்தே இருந்தது.

“துளசிமணி” என்றார் அவர் கடைசியில். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. “எழுதியவர் துளசிமணின்னு போடு அம்மிணி. அவ்வளவுதான். சோலி முடிஞ்சுது.”

வர்ஷிகா எழுதவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு திரையைக் காட்டினாள். பச்சைக் கோடு இறங்கியிருந்தது. இறங்கி, அடியில் கிடந்து, இப்போதுதான் ஒரே பாய்ச்சலில் ஏறியிருந்தது.

“ஐயா, உங்களுக்குத் திக்கிருச்சுங்க! தாண்டியும் போச்சு! முதல் பக்கமும் நாவல்ல சேர்த்திதான். இப்ப உங்க பேர்லயே முத்திரை தரலாமுங்க.”

சென்னியப்பன் திரையைப் பார்த்தார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தார். பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வார்த்தை போதும். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது.

“சொன்னது சொன்னதுதான்” என்றார் முரட்டுத்தனமாக. “துளசிமணி மட்டும் போடு.”

டக்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். இந்தத் தடவை அந்தச் சத்தம் அவர் காதில் நன்றாக விழுந்தது.

“நல்லா இருக்குதுங்க நாயம்” என்றாள் துளசிமணி. “இத்தனை வருஷமா நீங்க வெட்டிப் போட்ட பொணத்துக்கெல்லாம் நான் ஒருத்தி பதில் சொல்லணுமா? உங்க மாதேஸ்வரன் அடிச்ச கூத்துக்கெல்லாம் எம்பேரு மட்டும் எதுக்கு? ரெண்டு பேரையும் போடச் சொல்லுங்க.”

“அதுவும் சரிதானுங்க. விதில எடமிருக்குது” என்றாள் வர்ஷிகா. விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “யாரு பேரு மொதல்ல வரணுமுங்கய்யா?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். துளசிமணி மூடியைக் கழற்றிப் பேனாவின் பின்பக்கம் செருகிக்கொண்டு, தாளைச் சரிசெய்து, காத்திருந்தாள்.

பச்சைக் கோடு மறுபடியும் இறங்கத் தொடங்கியது.